எழுத்தெண்ணி எழுதுதல்

ஒருவரது புலமையை வியந்து பேசும்போது, "அவர் எழுத்தெண்ணிப் படித்தவர்" என்று கூறுதல் நம்மவர் வழக்கு. ஓரெழுத்தையும் ஊன்றாது விடாமல் நூலைக் கற்றவர் என்பது அதன் கருத்து. ஆயின், "அவர் எழுத்தெண்ணி எழுதியவர்" என்று எவரையும் எவரும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அப்படிச் சொன்னால் அது புகழ்ச்சியாக மாட்டாது. கூலிக்கு வரி நிரப்புபவர் என்ற பழிப்பாகவே கொள்ளப்படும். கற்பவன் எண்ணினாற் சிறப்பு. எழுதுபவன் எண்ணினால் இழிவு. இவ்வழக்கு நியாயமானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உண்மையை நோக்கின், எழுதுகோல் பிடித்தவன் எவனும் எண்ணாமல் இருப்பதில்லை. பத்திரிகாசிரியர் எண்ணூறு சொற்களில் ஒரு கட்டுரை வேண்டுமென்கிறார். வானொலியார் இத்தனை நிமிடத்துக்கு மேற்படாத பேச்சொன்று வேண்டுமென்கின்றனர். பரீட்சை வினாத்தாள், தந்த பந்தியை மூன்றிலொரு பங்காகச் சுருக்குக என்று விதிக்கிறது. சிறுகதைப் போட்டிக்கும் எல்லையுண்டு; நினைவுமலர்க் கட்டுரைக்கும் எல்லையுண்டு. எவ்வளவு எழுதுவது, அதனை வாசிக்க எவ்வளவு நேரம் செல்லும் என்னும் இரண்டு வினாக்களும் எழுத்தாளனின் மேசைமீது எந்நேரமும் கிடக்கின்றன.

எண்ணுவது தவிர்க்க முடியாததாயின், எதை எண்ணுவது என்பது அடுத்த வினா. நாம் இன்று சொல்லை எண்ணுகிறோம். பல்லாண்டு தமிழ் கற்பித்தவன் என்ற முறையிலே நான் கூற விரும்புவது இதுதான்: சொற்கணக்கு என்பது வேறொரு மொழியின் உடம்புக்கு வெட்டப்பட்ட அளவுகோல். தமிழுக்கு அது சரியாகப் பொருந்துவதில்லை. பொருந்தாத கோலை வைத்து அளப்பதனால் நம் மாணவருக்குச் சிறு அநீதிகள் நாள்தோறும் நேர்கின்றன. நமக்கென வேறு கோல்கள் இருந்தன. அவற்றை மறந்ததே நமது குறை.

நீரும் கூலியும்

நூலளவையின் வரலாறு சுவையானது. பண்டைய ஏதென்சு நகரத்து நீதிமன்றங்களிலே வழக்காடுவோரின் பேச்சு நீரால் அளக்கப்பட்டது. அடியிலே சிறு துளையுள்ள மட்பாண்டத்தில் நீரை நிரப்பிவைப்பர். நீர் வடிந்து முடியும்வரை பேசலாம். சாட்சிப் பத்திரங்களையும் சட்டங்களையும் இடையிலே வாசிக்க நேர்ந்தால் துளையை அடைத்துக்கொள்வர். அந்நகரத்துச் சந்தைவெளியிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட அத்தகைய பாண்டமொன்று ஏறக்குறைய 6.4 லீற்றர் நீர் கொள்வது. அந்நீர் வடிய ஆறு நிமிடம் செல்லும். வழக்கின் தன்மைக்கேற்பப் பாண்டங்களின் தொகை கூடும் அல்லது குறையும். வாதியாயினும் பிரதிவாதியாயினும் நீர் சமமே. சொல்வன்மை உடையவனுக்கு ஒரு துளியேனும் அதிகம் கிடைப்பதில்லை. அளவு என்பது நீதியின் ஒரு பகுதி என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர்.

பேச்சுக்கு நீரை அளவாக்கிய கிரேக்கர், எழுத்துக்கு அடியை அளவாக்கினர். ஹோமரது செய்யுளடி ஒன்றின் நீளம் ஏறக்குறையப் பதினாறு அசை. அந்த நீளமே உரைநடைக்கும் ஓர் 'அடி' எனக் கொள்ளப்பட்டது. ஏட்டின் அகலம் எத்தகையதாயினும், எழுத்துப் பெரிதாயினும் சிறிதாயினும், நூலின் அளவு மாறாது. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியாவின் பெருநூலகத்துக்கு நூற்பட்டியல் வகுத்த கல்லிமாக்கஸ், நூலாசிரியன் பெயரோடும் தொடக்க வரியோடும் அந்நூலின் அடித்தொகையையும் குறித்துவைத்தார். படியெடுத்தவன் இடையிலே எதையேனும் விட்டானா என்பதை அத்தொகை காட்டிக்கொடுத்துவிடும்.

கூலிக்கும் அதுவே ஆதாரமாயிற்று. கி.பி. 301இல் ரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் பொருள்களுக்கும் தொழில்களுக்கும் உச்சவிலை விதித்து ஆணை பிறப்பித்தான். அதிலே எழுத்தருக்கும் இடமுண்டு. முதற்றரமான எழுத்தில் நூறு அடிக்கு 25 தினாரியஸ். இரண்டாந்தரமான எழுத்தில் நூறு அடிக்கு 20 தினாரியஸ். எழுத்தெண்ணிக் கூலி பெறுதல் இழிவென்று அவர்கள் கருதவில்லை. எண்ணாது கூலி கொடுத்தலே ஏமாற்றுக்கு இடமாகும் என்று கருதினர்.

ஓதலும் படியும்

தொலைநாட்டுச் செய்தி நிற்க. நமது இலங்கையிலேயே இதனினும் நுட்பமான ஓர் அளவை வழங்கியிருக்கின்றது. பௌத்த பிடக நூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டிலே மாத்தளை அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பெறுமுன்னர், பிக்குகளின் நாவிலேதான் வாழ்ந்தன. ஓதுதலையே பணியாகக் கொண்ட பாணகர் அவற்றை மனனஞ் செய்து காத்தனர். அந்நூல்களின் நீளத்தை அவர்கள் 'பாணவாரம்' என்னும் அளவாற் குறித்தனர். ஓதுமுறை ஒன்றில் ஓதத்தக்க பகுதி என்பது அதன் பொருள். எட்டெழுத்துக் கொண்டது ஒரு பாதம். நான்கு பாதம் ஒரு காதை. இருநூற்றைம்பது காதை ஒரு பாணவாரம். அஃதாவது 8,000 எழுத்து. தீகநிகாயம் 64 பாணவாரம், மச்சிமநிகாயம் 80, சங்யுத்தநிகாயம் 100, அங்குத்தரநிகாயம் 120 என்று உரைநூல்கள் கூறும். நூலின் நீளமும் அதை ஓதும் நேரமும் ஒரே சொல்லிலே அடங்கிய அருமையை நோக்குக. இன்று இணைய ஏடுகள் கட்டுரையின் தலைப்பிலே 'ஐந்து நிமிட வாசிப்பு' என்று குறிப்பதைப் புதுமையென நாம் வியக்கிறோம். அதன் மூதாதை நம் நாட்டு விகாரைகளிலே பன்னூற்றாண்டுகளுக்கு முன்னரே வழங்கியது.

முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட காதையே வடமொழியாரின் அளவுமாகும். அவர்கள் அதனைக் கிரந்தம் என்பர். செய்யுள் மட்டுமன்றி உரைநடையும் முப்பத்திரண்டு முப்பத்திரண்டு எழுத்தாக எண்ணப்பட்டது. இவ்வளவு தமிழுக்கு வந்தபோது 'படி' என்று பெயர் பெற்றது. நம்மாழ்வார் அருளிய திருவாய்மொழிக்கு வைணவ ஆசாரியர் செய்த உரைகளின் பெயரை எண்ணிப் பாருங்கள். திருக்குருகைப்பிரான் பிள்ளான் செய்தது ஆறாயிரப்படி. நஞ்சீயர் செய்தது ஒன்பதினாயிரப்படி. பெரியவாச்சான் பிள்ளை செய்தது இருபத்துநாலாயிரப்படி. நம்பிள்ளையின் விரிவுரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்தியது முப்பத்தாறாயிரப்படி. உரையின் பெயரே உரையின் அளவு! முப்பத்தாறாயிரத்தை முப்பத்திரண்டாற் பெருக்கினால் 11,52,000 எழுத்து வரும். ஏட்டைக் கையில் எடுக்குமுன்னரே, எவ்வளவு தூரம் நடக்கவேண்டுமென்பதைக் கற்பவன் அறிந்துகொள்கிறான். விரிவு வேண்டுபவன் பெரியதை எடுப்பான். சுருக்கம் வேண்டுபவன் சிறியதை எடுப்பான். இதனினும் நேர்மையான தலைப்பு வேறு யாது?

அடியெண்ணித் தொகுத்தோர்

வடமொழியிலிருந்து வந்த அளவு இது என்று ஒருவர் கூறலாம். தமிழுக்குத் தனியளவு இல்லாமற் போகவில்லை. சங்கச் செய்யுள்களைத் தொகுத்த சான்றோர், அகப்பாடல்களை நீளம் பார்த்தே வகுத்தனர். மூன்றடி முதல் ஆறடி வரை உள்ளவை ஐங்குறுநூறு; நான்கு முதல் எட்டு வரை குறுந்தொகை; ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை; பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. ஓரடி மிகுந்த சில விலக்குக்கள் உள. ஆயினும் விதி தெளிவானது. அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்னும் பெயரும் அதனாலேயே வந்தது. 'குறு' என்றும் 'நெடு' என்றும் நூலுக்குப் பெயரிட்டவர்கள் அளவை இழிவாகக் கருதியவர்களாய் இருக்க முடியாது. பத்துப்பாட்டிலே மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு 103 அடி. மிகப் பெரியதாகிய மதுரைக்காஞ்சி 782 அடி. ஆசிரியர் தம் பொருளுக்கேற்ற நீளத்தைத் தெரிந்துகொண்டனர். தொகுத்தோர் அந்நீளத்தை மதித்தனர்.

தொல்காப்பியர் இன்னும் நுணுகிச் செல்கிறார். அடிகளை அவர் எழுத்தெண்ணி ஐவகைப்படுத்துகிறார். நான்கு முதல் ஆறெழுத்து வரை குறளடி. ஏழு முதல் ஒன்பது வரை சிந்தடி. பத்து முதல் பதினான்கு வரை நேரடி. பதினைந்து முதல் பதினேழு வரை நெடிலடி. பதினெட்டு முதல் இருபது வரை கழிநெடிலடி. இவ்வெண்ணிக்கையிலே உயிரும் உயிர்மெய்யுமே கொள்ளப்படும்; ஒற்று எண்ணப்படாது. எழுத்தின் ஒலி நிற்கும் காலத்தையும் அவர் அளந்தார். கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. வாசிக்க எவ்வளவு நேரம் செல்லும் என்னும் வினாவுக்கு மணிக்கூடு இல்லாத காலத்திலே கொடுக்கப்பட்ட விடை இது. மனித உடம்பையே கடிகாரமாக்கிய விடை.

பிற்காலத்துக் கட்டளைக் கலித்துறையிலும் இம்மரபே நின்றது. அடியின் தொடக்கம் நேரசையாயின் ஒற்று நீக்கிப் பதினாறெழுத்து, நிரையசையாயின் பதினேழு. கந்தரலங்காரமும் அபிராமி அந்தாதியும் இவ்வியாப்பிலே அமைந்தவை. ஏடு பெயர்த்தெழுதுவோன் ஓரெழுத்தை விட்டாலும் சேர்த்தாலும் எண்ணிக்கை அவனைப் பிடித்துவிடும். எண்ணம் இங்கே கவிதையின் பகையாகவில்லை; காவலாயிற்று.

இடைவெளி தந்த சொல்

இத்தனை மரபும் இருக்க, சொற்கணக்கு எங்கிருந்து வந்தது? ஏட்டுச்சுவடியைப் பார்த்தவர்கள் அறிவர்: அங்கே சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்க்குப் புள்ளி இடுவதும் அருமை. எழுத்து ஓடிக்கொண்டே செல்லும். எழுத்தை எண்ணலாம், அடியை எண்ணலாம். சொல்லை எண்ணுவதாயின் முதலிற் பொருளறிந்து பிரித்தல் வேண்டும். அச்சுப்பொறி வந்து, உரைநடை பெருகிய பின்னரே சொற்களுக்கிடையே வெளி நிலைபெற்றது. 1852இல் பெரியபுராணத்தை வசனமாக வெளியிட்ட ஆறுமுக நாவலர் போன்றோர், தொடர்களைக் குறியீடுகளால் வகுத்து, கல்லாதாரும் எளிதில் வாசிக்கும் வழியைத் திறந்தனர். அது பெரிய தொண்டு. ஆயின் வாசிப்பின் எளிமைக்காக இட்ட வெளி வேறு, அளவைக்காக இட்ட வெளி வேறு. நாமோ முன்னதைப் பின்னதாகக் கொண்டுவிட்டோம். இன்று நாம் எண்ணுவது சொல்லையன்று. இரண்டு வெளிகளுக்கிடையே நிற்கும் எழுத்துக் கூட்டத்தை.

ஆங்கிலத்துக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். அங்கே சொற்கள் பெரும்பாலும் தனித்தனி நிற்பவை. எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்ற ஐயம் குறைவு. ஆதலால் அவர்கள் சொல்லெண்ணி நீளம் பேசுவதில் நியாயமுண்டு. 1863ஆம் ஆண்டு நவம்பர் 19ஆந் திகதி ஜெற்றிஸ்பேர்க்கிலே போரில் இறந்தோர்க்கான மயானத் திறப்பு விழாவில் எவரெற் என்னும் நாவலர் இரண்டு மணி நேரம் பேசினார். அவர்பின் எழுந்த ஆபிரகாம் லிங்கன் ஏறக்குறைய 270 சொற்களில், சில நிமிடங்களிலே பேச்சை முடித்தார். உலகம் இன்று மனனஞ் செய்வது பின்னதையே. ஆங்கிலத்தார் அப்பேச்சின் சிறப்பைச் சொல்லும்போது சொற்றொகையையும் உடன் சொல்வர். அவர்களுக்கு அது பொருளுள்ள எண்.

வாசிப்பு வேகத்தையும் அவர்கள் அவ்வாறே அளந்தனர். பெல்ஜிய நாட்டுக் கெண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பிறிஸ்பேர்ட் என்னும் உளவியலறிஞர், முன்னர் நடந்த 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் ஒரு முடிபை வெளியிட்டார். வளர்ந்தோர் ஆங்கில உரைநடையை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல்; புனைகதையாயின் 260; வாய்விட்டு வாசித்தால் 183. இவை ஆங்கில வாசகனுக்குரிய எண்கள். இவற்றையோ இவை போன்றவற்றையோ எடுத்து, தமிழ்க் கட்டுரையின் சொற்றொகையை வகுத்து, 'நான்கு நிமிட வாசிப்பு' என்று பொறிப்பது தவறு. ஆறு நிமிடத்திலே வாசித்து முடிக்கும் நமது மாணவன், தான் மந்தமானவன் என்றல்லவா எண்ணிக்கொள்வான்?

பல மொழிகளை ஒருங்குவைத்து நோக்கிய ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. பதினேழு மொழிகளிலே ஒரே கருத்துள்ள பந்திகளை வாய்விட்டு வாசிக்கச் செய்து அளந்தனர். தமிழ் அப்பதினேழில் இல்லை. ஆயினும் அதன் முடிபு நமக்குப் பெரிதும் உதவும். ஆங்கில வாசகர் நிமிடத்துக்கு 228 சொல். அராபிய வாசகர் 138 சொல். பின்லாந்து நாட்டவர் 161 சொல். பின்லாந்தவர் நாத்தடுமாற்றம் உடையவரோ? அல்லர். அவர்கள் மொழியும் தமிழ்போல ஒட்டுநிலை மொழி. வேற்றுமையும் பிறவும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். அதே ஆய்விலே எழுத்தை எண்ணியபோது கதை தலைகீழாயிற்று. ஆங்கிலத்தவர் நிமிடத்துக்கு 987 எழுத்து. பின்லாந்தவர் 1,078 எழுத்து. சொல்லாற் பின்தங்கியவர் எழுத்தால் முந்திவிட்டனர். வாசகன் மாறவில்லை, அளவுகோல் மாறியது.

ஒரு வாக்கியம், இரு கணக்கு

தமிழிலே இவ்விடர் எத்தகையது என்பதை ஒரு வாக்கியத்தாற் காட்டலாம். "மழை பெய்துகொண்டிருந்தபடியால் நான் வீட்டுக்குப் போகவில்லை." இது ஐந்து சொல். ஆங்கிலத்திலே சொல்லப் புகுந்தால் ஒன்பது சொல் வேண்டும். இனி அதே வாக்கியத்தைப் பிரித்தெழுதும் பழக்கமுடைய ஒருவர் எழுதுகிறார்: "மழை பெய்து கொண்டு இருந்த படியால் நான் வீட்டுக்குப் போக வில்லை." இப்பொழுது தமிழிலும் ஒன்பது சொல்லாயிற்று! கருத்து வளர்ந்ததா? ஒரு சிறிதும் இல்லை. வெளிதான் வளர்ந்தது.

அவ்விரண்டையும் நம் முன்னோர் முறையிலே ஒற்று நீக்கி எண்ணுவோம். சேர்த்தெழுதியதில் 19 எழுத்து. பிரித்தெழுதியதில் 20 எழுத்து. 'கொண்டிருந்த' என்பது 'கொண்டு இருந்த' எனப் பிரிந்தமையால் வந்த ஓரெழுத்தே மிகை. சொற்கணக்கு ஐந்திலிருந்து ஒன்பதுக்குத் தாவியது. எழுத்துக்கணக்கோ அசையாமல் நின்றது. எது நம்பத்தக்க கோல் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரமன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்க்கான கட்டுரைப் போட்டியொன்றுக்கு நடுவராயிருந்த மூவருள் நானும் ஒருவன். முந்நூறு சொற்களுக்கு மேற்படலாகாது என்பது விதி. மாணவி ஒருத்தி துணைவினைகளையெல்லாம் பிரித்தெழுதியிருந்தாள். வாசிப்பவர்க்கு எளிதாகுமென்று சிறு வகுப்பிலே அவளுக்கு அப்படிப் பழக்கியிருந்தனர். மாணவன் ஒருவன் இயன்றவிடமெல்லாம் சேர்த்தெழுதியிருந்தான். தட்டச்சிட்ட தாள் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். கணினி எண்ணியபோது அவளது கட்டுரை எல்லையைத் தாண்டியது. அவனது உள்ளே அடங்கியது. தாண்டியது விலக்கப்பட்டது. இரண்டையும் எழுத்தெண்ணிப் பார்க்கலாமே என்று நான் வேண்டினேன். விதி விதிதான் என்றனர் மற்றையோர். கருத்தாலோ நடையாலோ அவள் தோற்றிருந்தால் அதிலே பாடம் உண்டு. அவள் தோற்றது இடைவெளியால்! இதிலிருந்து அவள் கற்றுக்கொண்டது யாதாயிருக்கும்? அடுத்த முறை எல்லாவற்றையும் ஒட்டியெழுதவேண்டும் என்பதையே கற்றிருப்பாள். அளவுகோல் மொழிநடையையே வளைக்கத் தொடங்கும் இடம் அது.

எதிர்த்திசையிலும் இவ்வளைவு நேர்வதுண்டு. குறைந்தது இத்தனை சொல் எழுதவேண்டுமென்று விதித்தவிடத்திலே, 'எழுதினான்' என்று முடிய வேண்டியது 'எழுதிக் கொண்டு இருந்தான்' என்று நீள்வதை விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் எவரும் அறிவர். மாணவரைக் குறைகூறிப் பயனில்லை. எதை எண்ணுகிறோமோ அதையே அவர்கள் விளைவிப்பர்.

பொறியின் கணக்கு

கணினி எழுத்தையும் எண்ணித் தருமே என்று இளைஞர் கேட்பர். தரும், ஆயின் அது எண்ணுவது தமிழெழுத்தன்று. 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்னும். யாப்பு முறையில் ஒற்று நீக்கினால் இரண்டு. கணினியின் ஒருங்குறி முறையிலோ ஐந்து: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று அது தனித்தனி எண்ணுகிறது. 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து, அதற்கு இரண்டு.

கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியிலே இதன் விளைவைக் காணலாம். 1985இல் ஜேர்மனியைச் சேர்ந்த ஹில்லபிறான்ற் என்னும் பொறியியலாளர், சாதாரணமாக மனிதர் எழுதும் வாக்கியங்களைத் தட்டச்சிட்டு எண்ணிப் பார்த்து, ஒரு செய்திக்கு 160 எழுத்துப் போதுமென்று முடிவு செய்தார். அம்முடிபு உரோம எழுத்தைக் கருதியது. தமிழ் போன்ற எழுத்துக்களில் எழுதினால் அதே செய்தியிலே 70 குறிதான் கொள்ளும். ஆங்கிலத்திலே 'தமிழ்' என்பதை ஐந்தெழுத்தில் எழுதி, இடைவெளியின்றி 32 முறை அனுப்பலாம். தமிழிலே எழுதினால் 14 முறைதான். கட்டணம் ஒன்றே. தம் பிள்ளைகள் ஆங்கில எழுத்திலே தமிழை எழுதுகிறார்களென்று வருந்தும் பெற்றோர், அதற்குப் பிள்ளைகளின் அசட்டை மட்டுமே காரணமென்று எண்ணவேண்டாம். எங்கோ ஒரு மேசையில் வகுக்கப்பட்ட அளவும் அவர்களைத் தள்ளியது. பிறர் கோலால் அளக்கப்படும் மொழிக்கு நேரும் கதி இதுவாகும்.

செய்யத்தக்கவை

குறை கூறி நிறுத்துதல் எளிது. எனக்குத் தோன்றும் மாற்று வழிகளை ஈண்டுக் கூறுகிறேன்.

முதலாவது, நீளத்தை எழுத்தால் அளத்தல். உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணி, ஒற்றை விட்டுவிடுக. மேலே காட்டிய வாக்கியத்தின் விகிதத்தையே கொண்டால் முந்நூறு சொற் கட்டுரை 1,140 எழுத்தாகும். அஃதாவது ஏறக்குறைய முப்பத்தைந்தரைப் படி. படி என்னும் பழைய அளவையே மீட்டெடுத்தால் என்ன? 'நாற்பது படிக்கு மேற்படாத கட்டுரை' என்று போட்டி விளம்பரம் வருவதிலே நாணமுறுதற்கு யாதுமில்லை. ஒற்று நீக்கி எண்ணும் சிறு நிரலொன்றைக் கணினிக்கு எழுதுவது நம் பல்கலைக்கழக மாணவர்க்கு விளையாட்டு. கணினி இல்லாத வகுப்பறையில் ஆசிரியர் ஐந்து வரிகளை எண்ணிச் சராசரி கண்டு, வரித்தொகையாற் பெருக்கிக்கொள்ளலாம். கூட்டல் பெருக்கல் அறிந்த மாணவரிடமே அவ்வேலையை ஒப்படைத்தால், அவர்கள் உயிர்மெய்யையும் ஒற்றையும் வேறுபடுத்தி அறியும் பயிற்சியும் கைகூடும்.

இரண்டாவது, நேரத்தைக் குரலால் அளத்தல். எழுதி முடித்ததை இயல்பான குரலிலே, நிறுத்தவேண்டிய இடத்திலே நிறுத்தி, ஒரு நிமிடம் வாசிக்குக. எத்தனை எழுத்துச் சென்றது என்று எண்ணுக. இதனை மூன்று நான்கு முறை வெவ்வேறு கட்டுரைகளிற் செய்தால் அவரவர்க்குரிய எண் ஒன்று கிடைத்துவிடும். அதன்பின் எந்தப் பேச்சையும் மணிக்கூடு பாராமலே அளவிட்டு எழுதலாம். மௌன வாசிப்பு வாய்விட்டு வாசிப்பதிலும் விரைவானது. ஆங்கிலத்திற் கண்ட எண்களின்படி அதற்குச் செல்லும் நேரம் ஏறக்குறைய முக்காற் பங்கு. தமிழிலே விகிதம் எவ்வாறிருப்பினும், உரத்து வாசிக்கும் நேரத்தை உச்ச எல்லையாகக் கொண்டால் வாசகனை நாம் ஏமாற்றியவராகோம். வாய்விட்டு வாசிப்பதால் வேறொரு பயனும் உண்டு: மூச்சு முட்டும் வாக்கியம் எதுவென்று நாவே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, அளவின் எல்லையை அறிதல். எழுத்துக்கணக்கும் குறையற்றதன்று. நீளம் ஒன்று, கடினம் மற்றொன்று. திருக்குறள் ஏழு சீர். அதை வாசிக்கச் சில நொடிகளே செல்லும். பரிமேலழகர் உரையோடு அதனைக் கற்க ஒரு மாலைப்பொழுது வேண்டும். அதன்படி நடக்க வாழ்நாள் முழுதும் போதாமலும் போகலாம். மாத்திரை ஒலியின் காலத்தை அளக்கும்; பொருள் நெஞ்சிற் பதியும் காலத்தை அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. ஆதலின் 'ஐந்து நிமிட வாசிப்பு' என்று குறிப்பதாயின், அது கண் ஓடும் நேரம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மாணவன் ஒருவன் அரைப் பக்கத்திலே ஒரு மணி நேரம் தங்கினால் அவனை விரைவுபடுத்தாதீர். எழுத்தெண்ணிப் படித்தல் என்பது அதுதான்.

எண்ணிக்கொண்டிருந்தால் கற்பனை வற்றிவிடும் என்று அஞ்சும் எழுத்தாள நண்பர்களுக்கும் ஒரு சொல். முதல் வரைவை எழுதும்போது எண்ணவேண்டாம். ஓடும் கையை ஓடவிடுக. எழுதி முடித்து இரண்டாம் முறை திருத்த உட்காரும்போது எண்ணுக. பதினாறெழுத்துக்கும் பதினேழெழுத்துக்கும் உட்பட்டு நின்ற அபிராமி பட்டருக்குப் பாட்டு வற்றியதில்லை. எல்லையிடப்பட்ட இடத்திலேதான் எது இன்றியமையாதது என்னும் தேர்வு பிறக்கின்றது. இரண்டு பாண்டம் நீர் மட்டுமே உடைய வழக்காளி, தன் வழக்கின் உயிர்நிலை எதுவென்று தேடித்தான் ஆகவேண்டும்.

இறுதியாக ஒன்று. எழுதுபவன் எண்ணுவது தன்பொருட்டன்று, கூலியின்பொருட்டுமன்று. வேலை முடிந்து வீடு திரும்பி, விளக்கின்முன் பத்திரிகையை விரிக்கும் வாசகன் தன் ஆயுளிலே ஒரு சிறு பகுதியை நமக்குத் தருகிறான். அதை அவனால் திரும்பப் பெற முடியாது. பிறர் பொருளை வாங்குபவன் எண்ணி வாங்குதல் நாணயம் என்பர். பிறர் நேரத்தை வாங்குபவனுக்கும் அந்நாணயம் வேண்டும். அப்படி எண்ணி எழுதிய ஒருவரை, "அவர் எழுத்தெண்ணி எழுதியவர்" என்று நாம் இனி வாயாரப் புகழலாம்.